பெட்ரோமாக்சுக்குப் பெட்ரோல் ஊற்றலாமா?

ஒரு குடும்பம் சுற்றுலா புறப்படுகிறது. வேன் வாசலில் நிற்கிறது. அரிசி ஏறிவிட்டது. பருப்பு ஏறிவிட்டது. பாத்திரங்களும் ஏறிவிட்டன. பரண் மேல் கிடந்த பம்ப் ஸ்டவ்வையும் இறக்கித் துடைத்து வைத்தாகிவிட்டது.

"ஸ்டவ்வுக்கு எண்ணெய் எங்கே?" என்று பாட்டி கேட்கிறார்.

"அதற்கென்ன பாட்டி! வழி நெடுக பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டால் போகிறது" என்கிறான் பேரன்.

பேரன் படித்தவன்தான். ஆனால், அவன் சொன்னது தவறு. சின்னத் தவறு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. அது உயிரைக் குடிக்கும் தவறு!

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையா? அன்று அந்த அடுப்பையே மூட்டக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காரணம் இருக்கிறது.

*மறந்துபோன அறிவு*

ஒரு காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் இருந்தது. ரேஷன் கடையில் கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எது மண்ணெண்ணெய், எது பெட்ரோல் என்று சிறு பிள்ளையும் வாசனையைக் கொண்டே சொல்லிவிடும்.

கிராமத்தில் அதைச் 'சீமெண்ணெய்' என்றார்கள். 'கிருஷ்ணாயில்' என்றும் சொன்னார்கள். கிருஷ்ணனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! 'கெரசின் ஆயில்' என்ற ஆங்கிலப் பெயர்தான் நம் ஜனங்கள் வாயில் கிருஷ்ணாயில் ஆயிற்று.

இன்று பெரும்பாலான வீடுகளில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. நல்லதுதான். புகை போயிற்று. ஆனால், மண்ணெண்ணெயைப் பற்றிய அறிவும் கூடவே போயிற்று.

பம்ப் ஸ்டவ்வும், பெட்ரோமாக்ஸ் லைட்டும், அரிக்கேன் விளக்கும் இப்போது எப்போதாவதுதான் வெளியே வருகின்றன. சுற்றுலாவுக்கு வருகின்றன. பாத யாத்திரைக்கு வருகின்றன. புயல் அடித்தால் வருகின்றன. 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் வீசியபோது காவிரி டெல்டாவில் மின்சாரக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட வேளையில்தான் பழைய விளக்கின் அருமை தெரிகிறது.

விளக்கு கிடைத்துவிடும். மண்ணெண்ணெய்தான் எளிதில் கிடைக்காது. பெட்ரோலோ தெரு முனையிலேயே கிடைக்கிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிடலாம் என்று மனம் சொல்கிறது.

*பெயரில் மயங்காதீர்கள்*

"பெட்ரோமாக்ஸ் என்றுதானே பெயர்? அப்படியானால் பெட்ரோல் ஊற்றினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

அந்தப் பெயர் ஜெர்மனியில் பிறந்தது. பெர்லின் நகரத்தில் விளக்குத் தொழிற்சாலை நடத்தியவர் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர். 'பெட்ரோலியம்' என்ற சொல்லின் தலையையும், தன் பெயரான 'மாக்ஸ்' என்பதையும் சேர்த்து அந்த விளக்குக்குப் பெயர் வைத்தார்கள்.

ஜெர்மன் மொழியில் பெட்ரோலியம் என்றால் விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெய்! காருக்கு ஊற்றும் பெட்ரோலை அங்கே 'பென்சின்' என்பார்கள். ஆகவே, பெட்ரோமாக்ஸ் என்றால் 'மாக்சின் மண்ணெண்ணெய் விளக்கு' என்றுதான் பொருள்.

பெயர்க் குழப்பம் இதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் மண்ணெண்ணெயைப் 'பாரபின்' என்கிறார்கள். அமெரிக்காவில் பெட்ரோலைக் 'காசோலின்' என்றும், சுருக்கமாகக் 'காஸ்' என்றும் சொல்கிறார்கள். நமக்குக் காஸ் என்றால் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஓர் அடுப்பு வாங்கி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 'வைட் காஸ்' என்று எழுதியிருக்கிறது. அது சிலிண்டர் காஸ் அல்ல. வெள்ளைப் பெட்ரோல்! இது தெரியாமல் அந்த அடுப்பைத் தொடலாமா?

அடுப்போடு வந்த விளக்கத் தாளை எடுத்துப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

*ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்*

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பூமிக்கு அடியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் இரண்டும் கிடைக்கும். ஆனால், குணத்தில் இரண்டும் வேறு வேறு.

மண்ணெண்ணெய் பொறுமைசாலி. ஏறக்குறைய 150 டிகிரி முதல் 300 டிகிரி வரை சூடு ஏறினால்தான் கொதித்து ஆவியாகும். பெட்ரோல் அவசரக்காரன். மூடியைத் திறந்தவுடனேயே ஆவியாகக் கிளம்பிவிடும்.

திரவம் எரிவது இல்லை. அதில் இருந்து எழும் ஆவிதான் எரிகிறது. எந்தச் சூட்டில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழுகிறதோ, அதைத் தீப்பற்று நிலை என்று சொல்லலாம். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி! அதாவது, இமயமலைப் பனியில் வைத்தாலும் பெட்ரோல் தீக்குத் தயாராக இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த நிலை 35 டிகிரிக்கு மேல்தான் வருகிறது.

சட்டமும் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது இல்லை. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம், 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் எண்ணெய்களை முதல் வகுப்பில் வைத்தது. பெட்ரோல் அதில் சேரும். 23 டிகிரி முதல் 65 டிகிரிக்குள் தீப்பற்றுபவை இரண்டாம் வகுப்பு. மண்ணெண்ணெய் அதில் சேரும்.

அதற்காக, மண்ணெண்ணெய் சாது என்று நினைத்துவிடக்கூடாது. சித்திரை வெயிலில் நம் ஊரில் 40 டிகிரிக்கு மேல் போகிறது. மூடிய வேனுக்குள் அதைவிட அதிகம். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் தீப்பற்றும் ஆவியை விடும். கேனை வெயிலில் வைக்கவே கூடாது.

*ஸ்டவ்வின் வயிற்றில் நடப்பது*

பம்ப் ஸ்டவ்வுக்கு முன்னோடி 'பிரைமஸ்' அடுப்பு. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-ம் ஆண்டில் அதைக் கொண்டுவந்தார். புகையும் கரியும் இல்லாமல் மண்ணெண்ணெயை எரிக்கும் அடுப்பு அது. உலகம் முழுவதும் பரவியது.

அது எப்படி எரிகிறது? கீழே டாங்க், மேலே பர்னர். முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரித்துப் பர்னரைச் சூடாக்குகிறோம். பிறகு பம்ப் அடிக்கிறோம். காற்று டாங்குக்குள் போய் எண்ணெயை அழுத்துகிறது. எண்ணெய் குழாய் வழியாக மேலே ஏறுகிறது. சூடான பர்னரில் ஆவியாகிறது. நிப்பிளின் ஊசித் துவாரம் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வந்து, காற்றோடு கலந்து, நீலமாக எரிகிறது.

அடுப்பை நிறுத்த வேண்டுமா? டாங்கில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்துகிறோம். 'உஸ்' என்று காற்று வெளியேறுகிறது. அடுப்பு அணைகிறது.

டாங்கில் மண்ணெண்ணெய் இருக்கும்போது வெளியே வருவது பெரும்பாலும் வெறும் காற்று. அதனால் ஆபத்து குறைவு.

அதே டாங்கில் பெட்ரோல் இருந்தால்?

மேலே எரியும் நெருப்பு டாங்கைச் சூடாக்குகிறது. உள்ளே இருக்கும் பெட்ரோல் தானாகவே ஆவியாகப் பெருகுகிறது. பம்ப் அடிக்காமலேயே அழுத்தம் ஏறுகிறது. தீ திடீர் என்று உயரமாக எழும்புகிறது. அடுப்பண்டை நிற்கும் பெண் பயந்து போகிறாள். பழக்கப்படி காற்றுத் திருகைத் திறக்கிறாள்.

இப்போது 'உஸ்' என்று வருவது காற்று மட்டும் அல்ல. பெட்ரோல் ஆவி! பக்கத்திலேயே நெருப்பு! பிறகு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியது இல்லை.

அணைப்பதற்காக வைத்த திருகே கொல்லும் திருகாக மாறிவிடுகிறது. அந்த அடுப்பைச் செய்தவர் மண்ணெண்ணெயை மனதில் வைத்துச் செய்தார். பெட்ரோலை மனதில் வைக்கவில்லை. அதனால்தான் இந்த விபரீதம்.

*"கொஞ்சம்தானே கலந்தேன்!"*

"முழுவதும் பெட்ரோல் வேண்டாம். மண்ணெண்ணெயில் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் பற்றிக்கொள்ளுமே!" என்று சொல்பவர்களும் உண்டு.

கொஞ்சம் கலப்பதும் ஆபத்துதான். ஏன் தெரியுமா?

காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1½ சதவீதம் முதல் 7½ சதவீதம் வரை கலந்திருந்தால், அந்தக் கலவை வெடிக்கும். அதற்குக் குறைந்தாலும் வெடிக்காது, கூடினாலும் வெடிக்காது. டாங்கின் காலி இடத்தில் சுத்தமான மண்ணெண்ணெயின் ஆவி பொதுவாக மிகக் குறைவு. அதில் கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்தால், ஆவி அந்த வெடிக்கும் எல்லைக்குள் வந்து நிற்கலாம். 'கொஞ்சம்தானே' என்பதே வினையாகிவிடும்!

வேண்டும் என்று கலக்காவிட்டாலும் கலந்துவிடுவது உண்டு. நேற்றுப் பெட்ரோல் வாங்கிய கேனில் இன்று மண்ணெண்ணெய் வாங்குகிறார்கள். அடியில் தங்கிய பெட்ரோல் இதில் கலந்துவிடுகிறது. ஆகவே, மண்ணெண்ணெய்க்குத் தனிக் கேன் வேண்டும். தனிப் புனல் வேண்டும். கேன் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுத வேண்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்தார்கள்; கள்ளத்தனமாக விற்றால் கண்டுபிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வெளிச் சந்தை மண்ணெண்ணெய் தண்ணீர் போல இருக்கும். நிறம் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லாது.

சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நெருப்பே இல்லாத திறந்த வெளியில், ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். பெட்ரோல் சீக்கிரமே பறந்துவிடும், தாள் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நெடுநேரம் நிற்கும். ஆனால், கொஞ்சம் கலந்திருப்பதை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே, சந்தேகம் தீராத எண்ணெயை ஊற்றவே வேண்டாம்.

*வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?*

பெட்ரோல் ஊற்றினால் பெட்ரோமாக்ஸ் லைட் பிரகாசமாக எரியும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு.

பெட்ரோமாக்சின் வெளிச்சம் எண்ணெயின் தீயில் இருந்து நேராக வருவது இல்லை. உள்ளே தொங்கும் மேண்டில் என்ற சிறு வலைதான் சூடேறி ஒளி வீசுகிறது. ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி ஆவர் வான் வெல்ஸ்பாக் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற சேர்க்கையை 1891-ம் ஆண்டில் அவர் அமைத்தார். அதன் பிறகுதான் வலை பளிச்சென்று எரிந்தது.

அந்தத் தோரியத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. இன்றைய குமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருப்பதை 1909-ம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். பிறகு அந்த மணல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது.

வெளிச்சம் மங்கினால் என்ன செய்ய வேண்டும்? மேண்டில் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிப்பிளில் கரி அடைத்திருந்தால் பின் போட்டு எடுங்கள். வாஷர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். தேவையான அளவு பம்ப் அடியுங்கள். இவ்வளவுதான். எண்ணெயை மாற்றத் தேவையே இல்லை.

*பெட்ரோல் அடுப்பும் உண்டே!*

"அமெரிக்காவில் பெட்ரோல் அடுப்பிலேயே சமைக்கிறார்களே!" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

உண்மைதான். அங்கே 'கோல்மன்' என்ற கம்பெனி 1914-ம் ஆண்டு முதல் கை விளக்குகளைச் செய்து விற்றது. முகாம் அடித்துத் தங்குபவர்களிடம் அந்த விளக்குகளும் அடுப்புகளும் மிகவும் பிரபலம்.

ஆனால், அந்த அடுப்பைச் செய்யும்போதே பெட்ரோலுக்கு என்று செய்கிறார்கள். அதன் நிப்பிள் வேறு. மூடி வேறு. கோல்மன் முகாம் அடுப்பில் டாங்க், தீக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. ஊற்றும் எண்ணெயும் வேறு. அது மருந்து எதுவும் கலக்காத வெள்ளைப் பெட்ரோல்.

நம் ஊர்ப் பங்கில் கிடைப்பது வண்டிக்கான பெட்ரோல். அதில் எஞ்சினுக்காகப் பல மருந்துகள் கலந்திருக்கின்றன. 2025-ம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற அளவும் எட்டப்பட்டது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் வாஷர்களைக் கெடுக்கும். வாஷர் கெட்டால் கசிவு. கசிந்தால் தீ.

ஆகவே, அமெரிக்காவின் அடுப்பைக் காட்டி நம் வீட்டு ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவது, விமானம் பறக்கிறதே என்று மாட்டு வண்டியை மலை மேல் இருந்து தள்ளுவது போல!

*மற்ற எண்ணெய்கள்*

டீசல் ஊற்றலாமா? கூடாது. டீசல் கனமானது. பர்னரில் சரியாக ஆவியாகாது. புகை வரும். நாற்றம் வரும். நிப்பிளில் கரி அடைக்கும்.

தின்னர், டர்பன்டைன்? கூடவே கூடாது. அவை பெயின்ட் அடிப்பதற்கு. அவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தீயில் வைக்கலாமா?

ஸ்பிரிட்? பம்ப் ஸ்டவ்வைச் சூடாக்க அது வேண்டும். ஒரு சிறு கிண்ணம் அளவு போதும். ஸ்பிரிட்டுக்கு என்றே தனி அடுப்பும் உண்டு. அது எளிமையானது, சத்தம் போடாதது. ஆனால், ஸ்பிரிட்டில் வெப்பம் குறைவு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் செய்யும் வேலையைச் செய்ய ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்கு மேல் ஸ்பிரிட் வேண்டும்.

ஸ்பிரிட்டில் இன்னொரு ஆபத்து. அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் இருந்து மறுபடியும் ஊற்றுவார்கள். தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் ஏறிவிடும்! கிண்ணம் நன்றாக ஆறிய பிறகே மறுபடி ஊற்ற வேண்டும்.

ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றுவதற்கும் இதே விதிதான். எரியும்போது ஊற்றக்கூடாது. அணைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்ற வேண்டும். டாங்க் நிரம்ப ஊற்றாமல் முக்கால் பாகத்தோடு நிறுத்த வேண்டும். மேலே இருக்கும் காலி இடத்தில்தான் காற்று தங்க வேண்டும்.

*தென் துருவம் கற்பித்த பாடம்*

சரியான எண்ணெயை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதைச் சிந்தாமல் கொண்டுபோகவும் வேண்டும். இதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

தென் துருவத்தை முதலில் யார் அடைவது என்று 1911-ம் ஆண்டில் இரண்டு கோஷ்டிகள் போட்டி போட்டன. ஒன்று நார்வே நாட்டு அமுண்ட்சென் கோஷ்டி. மற்றொன்று இங்கிலாந்து நாட்டு ஸ்காட் கோஷ்டி. இரண்டு கோஷ்டியும் பிரைமஸ் அடுப்பையே நம்பிச் சென்றன. அங்கே சுற்றிலும் பனிக்கட்டி. அதை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை!

திரும்பி வரும் வழிக்காக, ஆங்காங்கே எண்ணெய் டின்களைப் பனியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்காட் கோஷ்டியின் டின் மூடிகளில் தோல் வாஷர் இருந்தது. கடும் குளிரில் அந்த வாஷர்கள் கெட்டுப்போயின. எண்ணெய் கசிந்தது, ஆவியாகியும் போயிற்று. களைத்துத் திரும்பியவர்கள் டின்னைத் திறந்தால், எண்ணெய் குறைந்திருந்தது!

அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார். அவருடைய எண்ணெய் கசியவில்லை.

அமுண்ட்சென் 1911-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி துருவத்தை அடைந்து சுகமாகத் திரும்பினார். ஸ்காட்டும் அவருடைய 4 தோழர்களும் 1912-ம் ஆண்டில் திரும்பும் வழியில் மாண்டார்கள். பசி, குளிர், நோய் எல்லாம் சேர்ந்துதான் அவர்களைக் கொன்றன. ஆனால், அந்தத் துன்பங்களோடு எண்ணெய்ப் பஞ்சமும் சேர்ந்தது.

ஒரு சின்னத் தோல் வாஷர்! அதன் அருமை அப்போது தெரிந்தது.

நாம் துருவத்துக்குப் போகவில்லை. ஆனால், கசியாத கேன் நமக்கும் வேண்டும். தண்ணீர் பாட்டிலிலும், கலர் பாட்டிலிலும் எண்ணெய் வைக்கவே கூடாது. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இன்னும் கெடுதல். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

*எவ்வளவு எண்ணெய் வேண்டும்?*

இதற்கு வீட்டிலேயே விடை காணலாம். புறப்படுவதற்கு முன் ஒருநாள், அளந்து எண்ணெய் ஊற்றி, ஒரு வேளைச் சமையலை அந்த ஸ்டவ்விலேயே செய்து பாருங்கள். எவ்வளவு செலவாயிற்று என்று தெரியும். அதை வேளைக் கணக்கால் பெருக்குங்கள். ஸ்டவ் சரியாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மலைக்குப் போவதானால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 93 டிகிரியில் கொதிக்கிறது. தண்ணீர் தளதள என்று கொதித்தாலும் பருப்பு வேக நேரம் ஆகும். குக்கர் வைத்தால் எண்ணெய் மிச்சம்.

*எங்கே மூட்டக்கூடாது?*

கூடாரத்துக்குள் மூட்டக்கூடாது. வேனுக்குள் மூட்டக்கூடாது. ஜன்னலை அடைத்த அறைக்குள் மூட்டக்கூடாது. தீ விபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை உண்டாக்கலாம். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். படுக்கும் இடத்தில் வெளிச்சத்துக்குப் பேட்டரி விளக்கே நல்லது.

ரெயிலில் எந்த எண்ணெயும் வேண்டாம்; காசும் வேண்டாம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலையில் மதுரையில் நடந்ததை மறக்க முடியுமா? லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் ரெயில் பெட்டி தீப்பற்றியது. 9 பேர் மாண்டார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரே அதற்குக் காரணம். தெய்வ தரிசனத்துக்குப் புறப்பட்டவர்கள் கரியாகிப் போனார்கள். தீப்பற்றும் பொருளை ரெயிலில் ஏற்றினால் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்று 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் சொல்கிறது.

எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள், மணலைக் கொட்டுங்கள். உடம்பில் சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் தடவாதீர்கள். பெரிய காயமானால் 108-ஐ அழையுங்கள்.

*விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு*

குற்றம் எல்லாம் வாங்குபவர் மீது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்டவ் செய்பவர்களும், பெட்ரோமாக்ஸ் செய்பவர்களும் டாங்கின் மேல் தமிழில் எழுதவேண்டும். 'மண்ணெண்ணெய் மட்டும், பெட்ரோல் ஊற்றாதே' என்று அழியாத எழுத்தில் பொறிக்க வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? விளக்கத் தாள் தொலைந்துபோகும். டாங்கில் பொறித்த எழுத்து தொலையாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் படித்துக்கொள்வார்கள்.

பெட்ரோல் பங்குக்காரர்கள் பாட்டிலில் பெட்ரோல் கொடுக்க மறுக்க வேண்டும். 'அண்ணே, அவசரம்' என்று கெஞ்சினாலும் கொடுக்கக்கூடாது. அந்தக் கண்டிப்பு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

மண்ணெண்ணெய் தேவைப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காஸ் எட்டாத ஏழைகள் இருக்கிறார்கள். புயலில் சிக்கும் கடற்கரை ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல மண்ணெண்ணெய் நேர்மையான வழியில் கிடைக்குமாறு அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியான எண்ணெய் கிடைக்காத இடத்தில்தான் தவறான எண்ணெய் நுழைகிறது.

இது எல்லாம் நடக்கும்வரை, நம் வீட்டை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்டவ்வைப் பரணில் இருந்து இறக்கும்போது, அதற்கு என்ன எண்ணெய் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த எண்ணெய் இல்லை என்றால் ஸ்டவ்வை மறுபடியும் பரணில் ஏற்றிவிடுங்கள். வழியில் ஓட்டல் இருக்கிறது. அதுவும் இல்லையா? மூட்டையில் அவல் இருக்கட்டும், வெல்லம் இருக்கட்டும்.

ஒரு வேளை அவல் தின்று யாரும் செத்தது இல்லை!